காலை 5.10க்கு ஒரு ஆட்டம்

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் இரவு வேலை செய்கிறேன். சிக்காகோவில் இருக்கும் சித்தப்பா ஒரு தொப்பி அனுப்பினார். அன்றிலிருந்து வைட் சொக்ஸ் பேஸ்போல் அணியின் ரசிகன் ஆகிவிட்டேன். அங்கே மாலை 6.40க்குத் தொடங்கும் ஆட்டம் எனக்கு விடிய 5.10. வேலை முடிகிற நேரத்தில் போனில் பார்ப்பேன். 2023இலிருந்து பார்க்கிறேன், பெரும்பாலும் தோல்விதான். கூட வேலை செய்கிறவர்கள், 'வெல்லுகிற அணியைப் பாரடா' என்கிறார்கள். நம்பிக்கை வைப்பது வீண் வேலையா? அணியை மாற்றிவிடட்டுமா?

ஒரு வாசகர், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

மாற்ற வேண்டாம். உங்களுக்கும் மாற்ற மனமில்லை என்றுதான் கடிதத்தை வாசிக்கும்போது பட்டது. இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு, விடிய ஐந்து மணிக்கு அந்த ஆட்டத்தைத் தேடிப் பிடிக்கிறவர் அவ்வளவு லேசில் விட்டுவிட மாட்டார்.

தோல்வி கொஞ்சநஞ்சம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 2023இல் 101, 2024இல் 121, 2025இல் 102. 1900க்குப் பிறகு ஒரே பருவத்தில் 121 ஆட்டம் தோற்ற அணி வேறு இல்லை. அந்த வருடம் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார்கள். விடியற்காலையில் தனியாக இருந்து அதைப் பார்த்த உங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனால் அதே 2024இன் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். 120 தோல்வி. 1962இல் நியூயோர்க் மெட்ஸ் தோற்றதும் அதே 120தான். இன்னும் ஒன்று தோற்றால் அந்தப் பெயர் இவர்கள் தலையில் வந்து விழும். சொந்த மைதானத்தில் மிச்சம் மூன்று ஆட்டம், ஏஞ்சல்ஸ் அணியோடு. மூன்றையும் வென்றார்கள். பிறகு டெட்ரொயிட் போய் முதல் நாள் தோற்றார்கள், சாதனை இவர்கள் பெயருக்கு வந்தது. சரி, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் வென்றார்கள். அந்த ஐந்து வெற்றியால் பட்டியலில் ஒரு படி கூட ஏற முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் விளையாடினார்கள். எனக்கு அந்த ஐந்து ஆட்டமும் மிகவும் பிடிக்கும்.

பேஸ்போலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். 2024இல் எல்லோரையும் விட அதிகம் வென்ற டொட்ஜர்ஸ் 64 ஆட்டம் தோற்றது. எல்லோரையும் விட மோசமான உங்கள் அணி 41 ஆட்டம் வென்றது. அதாவது நாலு விடியலுக்கு ஒன்று உங்களுடையது. அப்புறம், அங்கே ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. உதைபந்தாட்டத்தில் 85ஆவது நிமிடம் நாலு கோல் பின்னால் நின்றால் நேரமே நம்மை முடித்துவிடும். பேஸ்போலில் கடைசி ஆளை அவுட் ஆக்கும் வரைக்கும் எதிரணி பந்து போட்டே ஆகவேண்டும்.

சின்ன வயதில் எங்கள் தெரு அணி ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்து விளையாடும் நாட்களில் அப்பா என்னை சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிக்கொண்டு போவார். அதுவும் தோற்கிற அணிதான். முடிந்ததும் கச்சான் சுருள் ஒன்று வாங்கி, டச்பே கரையில் நின்று சாப்பிடுவோம். ஒரு நாள் நாலுக்குப் பூச்சியம். அப்பா சுருளை என் கையில் தந்துவிட்டு, "அந்தக் கடைசிப் பந்தைக் கோல்கீப்பர் தட்டினதைப் பார்த்தியா? இடக்கையால!" என்று தன் இடக்கையை நீட்டி, உடம்பைச் சரித்துக் காட்டினார். விரல்களில் கச்சான் கோது ஒட்டியிருந்தது. வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தக் கையைப் பற்றியே கதைத்தார்.

நானும் அப்படித்தான் பார்க்கப் பழகினேன். கிண்ணத்தின் மேல் மட்டும் நம்பிக்கை வைத்தால் பாதி வருடத்திலேயே அது செத்துவிடும். உங்கள் அணி 1917க்குப் பிறகு 2005இல்தான் கிண்ணத்தைத் தொட்டது, 88 வருடம். அதே ஊரின் கப்ஸ் 1908க்குப் பிறகு 2016 வரை காத்திருந்தது. அந்த வருடம் ரசிகர்கள் ரிக்லி மைதானத்தின் செங்கல் சுவரில் சோக்கட்டியால் பெயர்கள் எழுதினார்கள். அந்த வெற்றியைப் பார்க்காமலே இறந்துபோன அப்பா, அம்மா, தாத்தாமாரின் பெயர்கள். உங்கள் எதிரணிதான் என்றாலும் அந்தச் சுவரின் படத்தைத் தேடிப் பாருங்கள்.

நம்பிக்கை என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அணியை நடத்துகிறவர்கள் மேல் கோபம் வந்தால் கோபப்படுங்கள், அதுவும் ரசிகனின் உரிமை. கடைசியில் நிற்கிற அணிக்கு டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தெரிவு செய்வதில், நல்ல இளம் வீரர்கள் கிடைப்பார்கள் என்ற ஆறுதலையும் முழுதாக நம்ப வேண்டாம். 121 தோல்விக்குப் பிறகும், விதிமுறையினால் உங்கள் அணிக்கு 2025இல் கிடைத்தது 10ஆவது தெரிவுதான். பிட்ஸ்பர்க் அணிக்கு 1993இலிருந்து தொடர்ந்து 20 பருவம் வெற்றியை விடத் தோல்வியே அதிகமாக இருந்தது. காலம் மட்டும் ஒரு அணியைத் திருத்தாது.

ஆட்களைப் பாருங்கள். உங்கள் அணியின் கோல்சன் மொண்ட்கொமரி 2025 ஏப்ரலில் கீழ்நிலை அணியிலேயே அடிக்க முடியாமல் திணறினார். அடிக்கும் முறையைத் திருத்தி எடுக்க அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் பெரிய அணிக்கு வந்தார், 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன். 102 ஆட்டம் தோற்ற வருடத்துக்குள்தான் இதுவும் நடந்தது. அதில் சிலதையாவது நீங்கள் நேரடியாகப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரவு வேலை முடிந்த உடம்புக்கு ஒன்பது இன்னிங்ஸும் வேண்டாம். மூன்று இன்னிங்ஸ் பாருங்கள், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுங்கள், மிச்சத்தை எழும்பிப் பாருங்கள். அடுத்த கடிதத்தில் பட்டியலைப் பற்றி எழுத வேண்டாம். அன்றைக்கு யார், எந்தப் பந்தை, எப்படி அடித்தார் என்று எழுதுங்கள். சித்தப்பாவுக்கும் அதையே அனுப்புங்கள், அங்கே அவரும் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அண்ணா