முதுநகர்க்காரரின் வரி பாக்கி

வணக்கம் சார்,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் ஓட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் ஜெயித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய ஆட்சி செல்லாது என்பது என் முடிவு. அதனால் இரண்டு அரையாண்டாக வீட்டு வரி கட்டவில்லை. வீண் வம்பு எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. இதுவும் ஒத்துழையாமைதானே? காந்தி செய்தால் சத்தியாக்கிரகம், நான் செய்தால் பாக்கியா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியை ரசித்தேன். ஆனால் பாக்கிதான். யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

புதுச்சேரியிலிருந்து உங்கள் ஊருக்கு பஸ்ஸில் வந்தால் ஆல்பேட்டை சாவடியில் போலீஸ்காரர் ஏறிப் பைகளைத் தடவிப் பார்ப்பார். ஒருமுறை பக்கத்து சீட்டுக்காரர் டிபன் கேரியரை மடியில் வைத்திருந்தார். மேலடுக்கில் எலுமிச்சை சாதம், கீழடுக்கில் குவார்ட்டர். சாவடி தாண்டியதும், “இதுக்கெல்லாம் ஒரு சட்டமா சார்?” என்றார். அவர் கேள்வியில் நியாயம்கூட இருக்கலாம். அதற்காக அவரைச் சட்டமறுப்புப் போராளி என்போமா?

உங்கள் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராளி அஞ்சலை அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய வெள்ளைக்காரத் தளபதி நீல். 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை அகற்றும் போராட்டத்துக்குத் தன் சிறு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கத்தான். சிறைவாசம். பிறகு இன்னொரு போராட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையிலிருந்து பிரசவத்துக்கு விடப்பட்டவர், பச்சைக் குழந்தையோடு சிறைக்கே திரும்பினார். வெள்ளைக்காரன் ஆட்சியே செல்லாது என்றவர் அவன் சிறைக்கு ஏன் திரும்ப வேண்டும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அது வெள்ளைக்காரனுக்குக் கொடுத்த மரியாதை இல்லை. கைக்குழந்தையோடு உள்ளே போகிறவளைப் பார்க்கும் ஊர், விஷயம் ஏதோ பெரிது என்று யோசிக்கத் தொடங்கும்.

எல்லாரும் சிறைக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. பாரதி 1908இல் வாரண்டுக்குத் தப்பி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குத்தான் வந்தார். (ஒரு அந்நிய ஆட்சியிலிருந்து இன்னொரு அந்நிய ஆட்சிக்கு!) ஆனால் வந்த இடத்திலும் ‘இந்தியா’ பத்திரிகையை அச்சிட்டு வெள்ளைக்காரன் எல்லைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே பிடித்தார்கள். இருபத்துச் சொச்சம் நாள் காவல்.

சரி, ஆட்சி செல்லுமா செல்லாதா? அஞ்சலை அம்மாளே 1937இல் அதே வெள்ளைக்கார அரசின் சட்டப்படி நடந்த தேர்தலில் நின்று சென்னை சட்டசபைக்குப் போனார். நீல் சிலையும் அதே ஆண்டில்தான் மவுண்ட் ரோட்டைவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. கதவு கொஞ்சம் திறந்தபோது நுழைந்தார். மூடியபோது மறுபடி சிறை. உங்களுக்கு இருப்பது அதைவிட அகலமான கதவு. பணம் கொடுத்தது உண்மையென்றால், அது சட்டசபைத் தேர்தலானால், முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேட்பாளர்தான் வேண்டுமென்பதில்லை, அந்தத் தொகுதி வாக்காளரே போடலாம். அந்த 45 நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்? வழக்குக்குச் செலவாகும், தெரியும். வரி கட்டாததில் உங்களுக்கு மிச்சம்.

இத்தனைக்குப் பிறகும் கட்டப்போவதில்லை என்றால், வாசலில் ஒரு அட்டை தொங்கவிடுங்கள்: ‘இந்தக் காரணத்துக்காக இந்த வீட்டுக்காரர் வரி கட்டவில்லை.’ கீழே கையெழுத்து. அப்புறம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.