ஸ்பானிய மொழியில் நிபந்தனை வினைவடிவத்தை எப்படி அமைப்பது?

ராயபுரத்தில் இருந்துகொண்டு ஸ்பானியம் கற்கும் நீங்கள், ஒழுங்கு வினைகளின் நிபந்தனை வடிவம் குழப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதுதான் எளிது. ஆர், எர், இர் என முடியும் மூலவினையை வெட்டவே வேண்டாம். அதன்மேல் நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாயிஸ், ஈயான் என ஒட்டுங்கள். மூன்று வகைக்கும் இதே விகுதிகள்தாம். அழுத்தம் எப்போதும் 'ஈ'யில்.

'கொம்ப்ரரீயா பெஸ்காதோ என் காசிமேடு, பெரோ யுவேவே': காசிமேட்டில் மீன் வாங்குவேன்தான், ஆனால் மழை பெய்கிறதே!

பணிவாகக் கேட்கவும் இதுவே: 'மே அயுதரீயா?', எனக்கு உதவுவீர்களா?

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'சி' என்று தொடங்கும் பகுதியில், அதாவது தமிழில் 'இருந்தால்' என்பதுபோல 'ஆல்' வரும் பகுதியில், இவ்வடிவம் வராது. 'சி துபியேரா தியெம்போ, வியாஹரீயா': நேரம் இருந்தால் பயணம் போவேன். இந்த விகுதி 'சி' இல்லாத பகுதியில் மட்டுமே.