கல்லூரியோடு கையெழுத்திடும் முன்

கேள்வி: கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கிறோம். எங்கள் பம்பைச் சோதித்து, மின்சாரம் குறைவாக இழுக்கும்படி இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தை) மாற்றித் தர ஒரு பல்கலைக்கழகத்தைக் கேட்டோம். சேவை ஒப்பந்தமா, ஆராய்ச்சி ஒப்பந்தமா என்கிறார்கள். சேவை என்றால் புது வடிவமைப்பின் உரிமையெல்லாம் எங்களுக்கே வந்துவிடும் என்கிறார் ஆடிட்டர். எதைப் போடலாம்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வேலை. இரண்டையும் ஒரே தாளில் போடாதீர்கள்.

சப்மெர்சிபிள் பம்புக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 8034-இன்படி ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியேறும் நீரின் அளவு), மின் உள்ளீடு ஆகியவற்றை அளந்து அறிக்கை தருவது சேவை. அளக்கும் முறை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டது. கட்டணம், தேதி, எத்தனை மாதிரி என்று குறித்தால் போதும். பம்ப் தேறாவிட்டாலும் கட்டணம் கட்டத்தான் வேண்டும். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

இம்பெல்லரை மாற்றுவது ஆராய்ச்சி. திறன் எவ்வளவு கூடும் என்று இன்றைக்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதைச் சேவை என்று எழுதி "திறன் இத்தனை சதவீதம் கூட வேண்டும்" என்று நிபந்தனை போட்டால், கடைசித் தவணையில் சண்டை நிச்சயம். கணினிக் கணக்கீடு, மாதிரி வார்ப்பு, சோதனை என்று மூன்று கட்டமாகப் பிரித்து, கட்டம் முடிந்ததும் பணம் கொடுங்கள். எந்தக் கட்டத்திலும் நிறுத்திக்கொள்ளும் உரிமையையும் எழுதுங்கள்.

ஆடிட்டர் சொன்னது சரியல்ல. பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமை கைமாறாது. காப்புரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்ற முடியும். வரைபடம், அறிக்கை, மென்பொருள் ஆகியவற்றின் பதிப்புரிமையும் அப்படியே. எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பம்பை ஏற்றுமதி செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

"கூட்டு உரிமை" என்று எழுதி சமாதானம் ஆகிவிடுவார்கள். வேறு விதமாக எழுதாதவரை, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் மற்றவர் சம்மதமின்றி யாருக்கும் உரிமம் தர முடியாது. பல்கலைக்கழகம் பம்ப் விற்கப் போவதில்லை. அதனால் கூட்டு உரிமைக்குப் பதில், பம்ப் துறையில் உங்களுக்கு மட்டுமே பயன்படுத்தத் தரும் தனி உரிமம் பெரும்பாலும் போதும். விலையும் அதில் குறையும்.

ஆராய்ச்சியில் மாணவர் சேர்ந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுக்கும் 'ஷோத்கங்கா' தளத்தில் ஏறும், யாரும் படிக்கலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வெளியானால் புதுமை போய், காப்புரிமை கிடைப்பதே சந்தேகமாகிவிடும். கட்டுரையோ ஆய்வேடோ வெளியாகுமுன் பார்க்க 30 முதல் 60 நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குள் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால், கண்டுபிடிப்பின் முழு விவரக் குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் இருக்கிறது. மாணவர் பல்கலைக்கழக ஊழியர் அல்லர், அவரிடம் தனியாக உரிமை மாற்றக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் பேராசிரியர் கையெழுத்து மட்டும் போதாது, பதிவாளரோ அதிகாரம் பெற்ற டீனோ போட வேண்டும்.

கேள்வி: ஆராய்ச்சி என்று எழுதினால் ஜிஎஸ்டி கிடையாதாமே?

பதில்: தலைப்பை வைத்து வரி தீர்மானமாகாது. சோதனைக்கும் ஆலோசனைக்கும் 18 சதவீதம் உண்டு. அக்டோபர் 2024-இல் வந்த விலக்கு, குறிப்பிட்ட நிறுவனங்கள் மானியமாகப் பெறும் ஆராய்ச்சித் தொகைக்கானது. வரைபடமும் உரிமமும் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பணத்தை மானியம் என்று எழுதினால் பின்னால் விளக்கம் சொல்ல நேரும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரென்றால் கட்டிய வரியைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வரிக்காக ஒப்பந்தத்தின் வகையை மாற்றாதீர்கள்.