சுரங்கச் சாலைத் திட்டத்தில் லேண்ட்ஸ்கேப் ஆளுக்கு என்ன வேலை? மேலே செடி நடுவது மட்டும்தானா?

இல்லை. இந்தக் கேள்வியைச் சைட்டில் வருஷக்கணக்காகக் கேட்டு மனம் புண்பட்டவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குளச்சல்காரர், பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்திருக்கிறீர்கள், ஒரு நகரத்துச் சுரங்கச் சாலை வேலையில் லேண்ட்ஸ்கேப் பிரிவுக்கு ஆஃபர் வந்திருக்கிறது, வீட்டில் "ரோட்டுக்கு அடியில என்ன தோட்டம்?" என்று கேட்கிறார்கள். என் வீட்டிலும் இதைத்தான் கேட்டார்கள். நான் பி.ஆர்க் எல்லாம் இல்லை, விவசாய டிப்ளமோ. தக்கலைப் பக்கம் நர்சரியில் தொடங்கி, வளைகுடாவில் லேண்ட்ஸ்கேப் சூப்பர்வைசர் ஆனவன். டிசைன் படித்தவர்கள் வந்து என்னைத் திருத்தினால் சந்தோஷம்தான். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்துச் சொல்வது.

சுரங்கச் சாலையை ஆழத்தில் இயந்திரம் வைத்துக் குடையலாம். இல்லையென்றால் மேலிருந்து வெட்டி, கான்கிரீட் பெட்டி கட்டி, திரும்ப மண் போட்டு மூடலாம். இரண்டாவது வகையில் அந்தப் பெட்டியின் கூரைதான் நம் தோட்டத்தின் தரை. நன்றாக நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன் வரும். ஆகவே மேலே எவ்வளவு மண் போடலாம் என்பது கூரை ஸ்லாபைக் கணக்குப் போடும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. புல்லுக்கு ஒரு சாண் மண் போதும். நிழல் தரும் மரத்துக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்து கொடுத்தால் முதல் பெருங்காற்றில் சாயும்.

நான் இருந்த சைட்டில் இதுதான் பிரச்சினை. கூரை முழுக்க ஒரே சீராக 60 சென்டிமீட்டர் மண் என்று ஒரு டிராயிங், அதே இடத்தில் வரிசையாக வேப்பமரம் என்று இன்னொரு டிராயிங். இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. எனக்கு ஸ்லாப் டிராயிங் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். மீட்டிங்கில் சிரித்தார்கள், கார்டனருக்கு எதுக்கு ஸ்டீல் டிராயிங் என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருந்த எகிப்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேஜையில் டிராயிங்கை விரித்து, இரண்டு பக்கச் சுவரும் நடுச்சுவரும் எந்தக் கோட்டில் போகிறது என்று பென்சிலால் காட்டினார். சுவருக்கு நேர் மேலே பாரம் ஏற்றலாம், இரண்டு சுவருக்கும் நடுவில்தான் கூடாது. சரி, அப்படியென்றால் மரங்களைச் சுவர்க் கோட்டுக்கு மாற்றுவோம், அங்கே மட்டும் மண்ணை மேடாக்கி 1.2 மீட்டர் கொடுப்போம், நடுவில் புல்லும் குத்துச்செடியும் போதும் என்றேன். அவர் கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டார். மேட்டின் ஓரச் சரிவுகளுக்கு உள்ளே தெர்மாகோல் கட்டைகள் வைத்து எடையைக் குறைத்தோம். அந்த வேம்புகள் இன்றைக்கும் நிற்கின்றன. மணல்காற்று அடித்தும் ஒன்று சாயவில்லை. திறப்பு விழாவில் நன்றி சொன்ன பட்டியலில் எங்கள் குழு பெயர் இல்லை, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அங்கே இன்னொரு பாடு உப்பு. மறுசுழற்சித் தண்ணீரைச் சொட்டுநீராக விடுவதால் ஆழமில்லாத மண்ணில் உப்பு தங்கும். அவ்வப்போது கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீர் வெளியேற அடியில் வடிகால் அடுக்கு வேண்டும், அதற்கும் கீழே வேர் துளைக்காத ஷீட், வாட்டர்ப்ரூஃபிங். மண் கொட்டும் முன் தண்ணீர் தேக்கிச் சோதித்து, அந்த ரிப்போர்ட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் சுரங்கத்துக்குள் எங்கே ஒழுகினாலும் முதலில் கை நீளுவது செடிக்காரனை நோக்கித்தான்.

பெரிய ஊர்களில் இதை மதித்துச் செய்திருக்கிறார்கள். மாட்ரிட்டில் எம்-30 நெடுஞ்சாலையை மான்சனாரெஸ் ஆற்றோரமாகப் பூமிக்குள் இறக்கி, மேலே அமைத்த பூங்காவை 2011-ல் முடித்தார்கள். சுரங்கக் கூரை மேல் 8,000-க்கும் அதிகமான பைன் மரங்கள், மெலிந்த மலை மண்ணிலும் பிடித்துக்கொள்ளும் மரம் அது. சிட்னியில் ரோசெல் சந்திப்புச் சுரங்கத்துக்கு மேலே போட்ட பூங்காவில் 2024 ஜனவரியில் செடியடியில் பரப்புகிற மூடாக்கு மரத்தூளில் ஆஸ்பெஸ்டாஸ் கிடைத்து, பூங்காவையே மூடினார்கள். மண்ணும் மூடாக்கும் எங்கிருந்து வருகிறது என்று நாம் நச்சரிப்பது இதனால்தான்.

சுரங்க வாயில் நடும் மரத்துக்கும் காரணம் உண்டு. உச்சி வெயிலில் வருகிற டிரைவருக்கு உள்ளே கறுப்பாகத்தான் தெரியும், கண் பழக நேரம் பிடிக்கும், அதனால் நுழைவில்தான் விளக்கு அதிகம் எரிய வேண்டும். வாயைச் சுற்றி அடர்ந்த மரமும் மங்கலான நிறக் கல்லும் இருந்தால் பார்வையில் படும் வெளிச்சம் குறைகிறது, விளக்கின் தேவையும் குறைகிறது. ஆனால் இலை கொட்டும் மரம் அங்கே கூடாது, வடிகால் கம்பி அடைத்துக்கொள்ளும். தில்லி பிரகதி மைதான் சுரங்கச் சாலை 2022 ஜூனில் திறந்தது, அடுத்த வருஷமே மழைத் தண்ணீர் தேங்கி மூட வேண்டிவந்தது. சாய்தளம் தொடங்கும் இடத்தில் ரோட்டைக் கொஞ்சம் மேடாக்கி வெளித் தண்ணீரைத் தடுப்பது, சுற்றிலும் மண்ணின் சரிவைத் திருப்பிவிடுவது, இதெல்லாம் நம் டிராயிங்கில் வர வேண்டியவை.

புகை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வண்டிகள் ஓடும் வேகம் புகையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும் வாய்க்குக் கொண்டுவருகிறது. அந்த இடத்தில் பெஞ்சும் குழந்தைகள் விளையாட்டும் வைத்துவிட்டு, மரம் புகையை இழுத்துக்கொள்ளும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மரத்தால் அவ்வளவு முடியாது. புகைபோக்கியும் காற்றாடியும் செய்ய வேண்டிய வேலை அது.

அப்புறம் நிலத்தடி நீர். பூமிக்குள் ஓடுகிற ஈரத்துக்குக் குறுக்கே நீளமான கான்கிரீட் பெட்டி என்பது வயலுக்குக் குறுக்கே வரப்பு போட்ட மாதிரி. ஒரு பக்கம் நீர் ஏறும், மறுபக்கம் வற்றும், அங்குள்ள பழைய மரங்கள் காயும். பாலைவனத்தில் நாங்கள் இதற்குக் குழாய்கள் போட்டு நீரைக் கடத்திவிட்டோம், மாதாமாதம் அளந்தோம்.

இதை எழுதும்போது வயிறு எரிகிறது. மழையே இல்லாத ஊரில் இவ்வளவு பார்க்கிறார்கள். ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை வாங்குகிற நம் கன்னியாகுமரி ஜில்லாவில், ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற ஊரில், என் வீட்டுப் பக்கம் ஒரு ரோடு வேலையில் குளத்துக்குள் மண் அடித்தார்கள். சானல் தண்ணீர் கடந்து போக வைத்த குழாயைப் பார்த்தால் அதைப் போட்டவர் இங்கே மழைக்காலத்தில் ஒருநாள்கூட நின்றதில்லை என்று தெரியும். இப்போது மேல்பக்கத்து வாழை அழுகுகிறது, கீழ்ப்பக்கத்துக் கிணறு சித்திரைக்கு முன்பே வற்றுகிறது. மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். உடனே "வளர்ச்சிக்கு எதிரி" என்று யாரும் வரவேண்டாம். மார்த்தாண்டத்தில் ஆம்புலன்ஸ் நெரிசலில் நின்றதைப் பார்த்தவன் நான், ரோடு வேண்டும். நம்மூரிலும் மண் பார்க்கிற ஒரு ஆளை முதலிலேயே கூப்பிட்டிருக்கலாமே என்பதுதான் ஆதங்கம்.

உங்கள் ஆஃபருக்கு வருகிறேன். இன்டர்வியூவில் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: ஸ்லாப் டிசைன் முடியும் முன் லேண்ட்ஸ்கேப் குழுவை உட்கார வைப்பார்களா, முடிந்த பிறகா? முன்னால் என்றால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேருங்கள். பிறகு என்றால், கூரையில் எத்தனை மண் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள். சேருவதற்குள் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள், பி.ஆர்க் படித்த உங்களுக்கு என்னளவு சிரமம் இருக்காது.