மையில் தெரிந்த புளியமரம்

அன்புள்ள ஐயா,

சோவியத் ரகசியங்களை மனக்கண்ணால் பார்த்துச் சொல்ல அமெரிக்க உளவுத்துறை ஆட்களை வைத்திருந்ததாகப் படித்தேன். ஒன்றுமில்லாததற்கா இருபது வருஷமாக 2 கோடி டாலர் செலவழிப்பார்கள்? குவாண்டம் இயற்பியலும் இதற்கு இடம் தருகிறதாமே? என் அத்தை காணாமல் போன செயினுக்காக ஊத்தங்கரைப் பக்கம் மை போட்டுப் பார்த்தார். "வீட்டுக்கு வந்து போற பொம்பளை" என்று வந்ததாம். ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா?

எம்., பாலக்கோடு

அன்புள்ள எம்.,

குவாண்டத்தை விடுங்கள். அரசாங்கம் செலவழித்தது ஒரு சான்றா? தண்ணீர் ஏறாத மேல்நிலைத் தொட்டியை நம்மூரில் நீங்கள் பார்த்ததே இல்லையா?

இதில் மார்க் போடுவது யார் என்பதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1974-இல், நீங்கள் சொன்ன அந்த மனக்கண் ஆட்களில் ஒருவரான பாட் பிரைஸ் என்பவர் சோவியத்தின் செமிபலாட்டின்ஸ்க் ரகசிய ஆய்வுத் தளத்தில் ஒரு ராட்சத கிரேன் இருப்பதாக வரைந்து காட்டினார். கிரேன் இருந்தது. அவர் சொன்ன மற்றவை பெரும்பாலும் தப்பு. ஆனால் கிரேன்தானே ஊர் ஊராகப் போகிறது!

சின்ன வயதில் எங்கள் மாடு காணாமல் போனபோது தாத்தா காவேரிப்பட்டணத்தில் மை போட்டார். வெற்றிலையில் தடவிய மையை என்னைத்தான் பார்க்கச் சொன்னார்கள். எண்ணெய் மினுமினுப்பில் என் மூக்குதான் தெரிந்தது. மை போட்டவர் தானே சொல்லிவிட்டார்: "மேற்கே, தண்ணி ஓரம், புளியமரம்." மாடு ஒரு புளியமரத்தடியில் கிடைத்தது. தாத்தா சாகும்வரை அந்தப் புளியமரத்தைச் சொன்னார். மாடு நின்றது கிழக்கே என்பதைப் பாட்டி மட்டும்தான் சொன்னாள். நம் ஜில்லாவில் புளியமரம் இல்லாத திக்கு எது தம்பி?

சரியாகச் சோதிப்பதென்றால், சொன்னதை எல்லாம் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும், தப்பானதையும் சேர்த்து. எது எந்த இடத்துக்குச் சொன்னது என்று தெரியாத ஒருவர் பொருத்திப் பார்க்க வேண்டும். பிரைஸை வைத்து நடந்த சோதனைகளில் அதுவே ஓட்டை. அவர் பேசியதன் பதிவுகளில் "நேற்றைய இரண்டு இடங்கள்" போன்ற பேச்சுகளை வெட்டாமலே விட்டிருந்தார்கள். பொருத்துகிறவர் அதை வைத்தே எது எத்தனையாவது நாள் சொன்னது என்று வரிசையைப் பிடித்துவிடலாம். டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் கம்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் இதை 'நேச்சர்' அறிவியல் இதழில் காட்டினார்கள்.

அந்த உளவுத் திட்டத்தைப் பற்றிய 1995 மதிப்பீட்டில் புள்ளியியல் நிபுணர் ஜெசிகா அட்ஸ் புள்ளியியல்படி ஏதோ இருக்கிறது என்றார், உளவியலாளர் ரே ஹைமன் ஒப்பவில்லை. இதை நம்பி ஒரு உளவு நடவடிக்கைகூட எடுக்கப்பட்டதில்லை என்றது அறிக்கை. திட்டத்தை மூடினார்கள்.

"வீட்டுக்கு வந்து போற பொம்பளை" என்றால் பக்கத்து வீட்டுக்காரியும்தான், சித்தியும்தான். ஆனால் விரல் பாத்திரம் தேய்க்க வருகிறவரை நோக்கித்தான் நீளும். கோபமாகவே எழுதுகிறேன். அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. போலீசில் புகார் கொடுங்கள். அதற்குமுன் பீரோவுக்குப் பின்னால் ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.