கடைசி வருட ஆட்டம்

கேள்வி: என் மகள் தரம் 6இலிருந்து பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் ஆடுகிறாள். கோல் கீப்பர். இந்த வருடம் உயர்தரப் பரீட்சை. அதோடு பாடசாலை ஆட்டமும் முடிகிறது. அவள் சாதாரணமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் அவளுடைய ஜேர்சியைக் கொடியில் போடும்போதே தொண்டை அடைக்கிறது. “பயிற்சி போதும், இனிப் படிக்கட்டும்” என்கிறார் இவர். மைதானத்தில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போகாமல் விடலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: போங்கள் தங்கச்சி. மிச்சமிருக்கும் எல்லா ஆட்டத்துக்கும் போங்கள். அழுகை வந்தால் வரட்டும், பக்கத்தில் நிற்கும் அம்மாமார் யாரும் புதினம் பார்க்கமாட்டார்கள். விடிய எழும்பிச் சாப்பாடு கட்டியதும், காலி வீதி நெரிசலில் பஸ் பிடித்ததும், பயிற்சி முடியும்வரை கேற்றடியில் காவல் நின்றதும் நீங்கள். அவளுக்கு முன்னால் படிப்பு, வேலை என்று எவ்வளவோ கிடக்கிறது. உங்களுக்கு அந்த மைதானத்துக்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கவலை வராமல் என்ன செய்யும்?

என் மகன் அஞ்சல் ஓட்டக்காரன். சுகததாச விளையாட்டரங்கில் கடைசிப் போட்டி ஓடிவிட்டு வந்த இரவு, சப்பாத்தின் அடியிலிருந்த ஆணிகளைச் சாவியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, வெறும் மாத்திரைப் போத்தலுக்குள் போட்டு மூடினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் குசினிக்குள் போய் அழுதேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பிந்தித்தான் உறைக்கும். அதனால் “உனக்குக் கவலையில்லையா?” என்று அவளைக் கிண்டாதீர்கள். உங்கள் மனப்பாரத்தை அந்த அம்மாமாரோடு இறக்கி வையுங்கள்.

அவளோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும்தான் கோல் போடலாம், கைதட்டும் அவர்களுக்குத்தான். எதிரணிப் பிள்ளை பந்தை உயர்த்தும்போது, மூன்றடி தள்ளி நின்று, ஒற்றைக் காலில் எக்கிக் கையை நீட்டி மறைப்பவளைப் புள்ளிப் பலகை காட்டாது. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பாய்ந்து பிடிப்பதும் அதில் வராது. இவ்வளவு வருடமாக அதைக் கண்டவர் நீங்கள். “நல்லா விளையாடினாய்” என்று மேலோட்டமாகச் சொல்லாமல், “மூன்றாவது பகுதியில் அந்த உயரமான பிள்ளையின் பந்தைத் தட்டிவிட்டாயே” என்று கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். கோல் கீப்பருக்கு அந்தப் பாராட்டை வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆட்டம் பாடசாலையோடு முடிந்தே தீரவேண்டும் என்றில்லை. பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் அணிகள் இருக்கின்றன. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் நம் தர்ஜினி சிவலிங்கம் ஆடியபோது அவருக்கு வயது 40. ஆனால் உங்களைத் தேற்றுவதற்காக அவளும் தொடர்வாள் என்று சொல்லமாட்டேன். அநேகம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் இத்தனை வருடம் ஆடியது ஆடியதுதான்.

படிப்புக்கு நேரம் ஒதுக்குவதைப் பயிற்றுநரோடும் மகளோடும் இருந்து பேசினால் சரிப்படுத்தலாம். பயிற்சியை ஒரேயடியாக நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. கடைசி வருடத்தில் அணியை விட்டு வரச்சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் மனம் நிற்காது. உங்கள் கணவர் அவள் ஆடியதைப் பார்த்திருக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை. பார்க்காதவரென்றால் அடுத்த ஆட்டத்துக்குக் கையோடு கூட்டிப் போங்கள். முழு ஆட்டமே 15 நிமிடப்படி நான்கு பகுதிதான். எதிரணி கோல் போடும் பக்கமாக அவரை நிறுத்துங்கள், மகள் அங்கேதான் நிற்பாள். பயிற்சியை நிறுத்தும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.