ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஆக: மறந்துபோகும் சுவர், மிதிபடும் கம்பி

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். கட்டடம் எடையைத் தாங்குமாறு கணக்கிட்டு வடிவமைக்கும் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஆக வேண்டும் என்பது ஆசை. ஈடேப்ஸ் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) வகுப்பு முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். அடுத்து அதே வகை மென்பொருளான ஸ்டாட் படிக்கவா, எம்.இ. சேரவா? சைட் வேலைக்குப் போனால் பிறகு டிசைன் பக்கமே வர முடியாது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

- ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

இன்னொரு மென்பொருள் இப்போது வேண்டாம். முதலில் ஒரு தாளை எடுத்து, முதல் மாடியில் 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை ஒன்றின் எடையைப் போட்டுப் பாருங்கள். 125 மி.மீ. தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 312 கிலோ. தரைப்பூச்சும் டைல்ஸும் 100 கிலோ. ஆட்கள், சாமான்களுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சொல்லும் 200 கிலோ. 20 சதுர மீட்டருக்கு மொத்தம் 12 டன் சொச்சம். இனி அறையைச் சுற்றியுள்ள சுவர்: 230 மி.மீ. செங்கல், 3 மீட்டர் உயரம் என்றால் ஓடும் மீட்டருக்கு ஏறக்குறைய 1,380 கிலோ. 18 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 25 டன். தளத்தைப் போல இரண்டு மடங்கு!

பீம், பில்லர், தளம் வரைந்தால் அவற்றின் எடையை மென்பொருளே எடுத்துக்கொள்ளும். செங்கல் சுவரை நீங்கள்தான் பீமின் மேல் தனியாகக் கொடுக்க வேண்டும். மறந்தாலும் திரையில் பிழை எதுவும் வராது. ஃபூட்டிங் (பில்லரின் அடித்தளம்) மட்டும் சின்னதாகிவிடும். அதனால் ஒவ்வொரு மாடலிலும், கட்டட எடையை அடியில் தாங்கும் விசைகளான அடித்தள ரியாக்‌ஷன்களைக் கூட்டி, கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் கம்பி அளவுக்குப் போகவே கூடாது. சுவர் விடுபட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு பீம் பில்லரைத் தொடாமல் நின்றிருக்கும்.

சைட் வேலை வழியை அடைக்காது. சொல்லப்போனால், ஒரு வருடமாவது சைட்டில் நிற்காதவர் வரையும் டீட்டெயிலிங்கை (கம்பி எங்கே, எப்படி வரும் என்று காட்டும் வரைபடத்தை) நான் நம்ப மாட்டேன். சன்ஷேடு, பால்கனி போன்ற நீட்டல்களில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிடும். 100 மி.மீ. தளத்தில் அடியிலிருந்து 75 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 50க்கு இறங்கினால், தாங்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சென்ட்ரிங் பிரித்த அன்றே விரிசல் தெரியலாம். இதற்கு மருந்து மேல்கம்பியை நாற்காலி போலத் தாங்கும் ‘சேர்’ கம்பிகள். அவற்றை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

பில்லரின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கும் அப்படித்தான். ஐ.எஸ். 13920 அதன் கொக்கியை 135 டிகிரி வளைத்து உள்ளே விடச் சொல்கிறது. கம்பி கட்டுபவருக்கு 90 டிகிரி எளிது. ஆனால் நிலநடுக்கத்தில் மேல்கவர் (கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட்) உதிர்ந்ததும் அந்தக் கொக்கி திறந்துகொள்ளும், உள்ளிருக்கும் நெடுங்கம்பிகள் பிதுங்கும். ஏன் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலோர் சரியாகவே வளைப்பார்கள்.

எம்.இ. அவசியம் படியுங்கள். உயர்ந்த கட்டடம், நிலநடுக்கம், அதிர்வு என்று போனால் பி.இ. பாடம் போதாது. எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வின் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். இறுதியாண்டிலேயே எழுதிவிட்டு, ஒரு வருடம் சைட்டில் இருந்துவிட்டுச் சேரலாம்.

கையெழுத்திடும் உரிமைக்கு அவசரப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அதற்குப் பதிவு வேண்டும். படிப்போடு அனுபவமும் பார்ப்பார்கள். சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். எந்த வரைபடத்தில் கையெழுத்திட்டாலும் அந்தக் கட்டடத்துக்குள் நிற்பவர்களின் உயிர் உங்கள் பொறுப்பு.

வேலைக்கான நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: “என் கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?” பதிலாக ஒரு மூத்தவரைக் காட்டினால் சேருங்கள். “மென்பொருளே பார்த்துக்கொள்ளும்” என்றால் வேறு இடம் தேடுங்கள்.